மொழி என்னும் அமானிதம்

மனிதனுக்கு மொழி எதற்காகக் கொடுக்கப்பட்டது? மூச்சு எதற்கு என்று எவரும் கேட்பதில்லை. அதைப் போலவே இதையும் கேளாமல் விட்டுவிடுகிறோம். கேட்டால் இரண்டு விதமான பதில்கள் வரும். ஒருவர், "பிறரோடு கலந்து வாழ்வதற்காக, ஸலாமும் நிக்காஹும் கொடுக்கல் வாங்கலும் சாட்சியமும் சொல்லால் அன்றோ நடக்கின்றன?" என்பார். மற்றவர், "அதெல்லாம் பிறகு. மனிதன் முதலில் தனக்குள் சிந்திப்பதற்கே மொழி வேண்டும். தன் பாவத்தை எண்ணி வருந்தவும், யாருமில்லாத இரவில் தன் ரப்பை அழைக்கவும் சொல் வேண்டியிருக்கிறதே!" என்பார். முன்னவர் மொழியைச் சமூகத்தின் உடைமை ஆக்குகிறார். பின்னவர் அதைத் தனி மனிதனின் உள்ளத்தில் வைக்கிறார்.

இது பண்டிதர்களின் சர்ச்சை, வீட்டுக்கு உதவாதது என்று வாசகர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இக்கேள்விக்கு நாம் சொல்லும் பதிலைப் பொறுத்து நம் மஹல்லாவில் வாழும் சிலருடைய தொழுகையும் நிக்காஹும் சாட்சியமும் ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு மாறிவிடுகின்றன. பிறவியிலேயே செவிப்புலன் இல்லாததால் பேச்சும் வராமற்போன நம் சகோதர சகோதரிகளைத்தான் சொல்கிறோம். பழைய கிதாபுகளின் தமிழ் விளக்கங்கள் இவர்களை "ஊமை" என்றே எழுதின. அது சரியான சொல்லன்று. இவர்களில் பெரும்பாலோருக்குக் குரல் உண்டு, நாவும் உண்டு. கேளாத காரணத்தால் அந்த நாவு பழகவில்லை. சட்டத்தை விளக்குமிடத்தில் கிதாபுகளின் சொல்லைத் தவிர்க்க முடியாதபோது மட்டும் நாமும் அதைக் கையாளுகிறோம்.

உஸூலுல் பிக்ஹு ஓதியவர்களுக்கு மொழியைப் பற்றிய பழைய விவாதம் ஒன்று தெரிந்திருக்கும். மொழி அல்லாஹ் கற்பித்ததா, அல்லது மனிதர்கள் தமக்குள் உடன்பட்டு வகுத்துக் கொண்டதா? இமாம் அபுல் ஹஸன் அல் அஷ்அரீ (ரஹ்) முன்னதைச் சொன்னார்கள். முஃதஸிலாக்களில் அபூஹாஷிம் பின்னதைச் சொன்னார். காழீ அபூபக்ர் அல் பாகில்லானீ (ரஹ்) இரண்டும் நடந்திருக்கக் கூடியவையே, எதற்கும் முடிவான ஆதாரமில்லை என்று நிறுத்திக் கொண்டார்கள். ஆதம் (அலை) அவர்களுக்குப் பெயர்கள் கற்பிக்கப்பட்டதைக் கூறும் திருமறை வசனத்தைச் (2:31) சுற்றி இந்த விவாதம் நீண்டு செல்லும். அதற்குள் நாம் நுழையப் போவதில்லை. இலக்கண மேதை இப்னு ஜின்னீ (ஹிஜ்ரி 392-ல் காலமானவர்) தம்முடைய 'அல்கஸாயிஸ்' நூலில் மொழிக்குத் தந்த வரைவிலக்கணம் மட்டும் நமக்கு வேண்டும். ஒவ்வொரு கூட்டத்தாரும் தம் நோக்கங்களை வெளியிடக் கையாளும் ஓசைகளே மொழி என்பது அதன் கருத்து. "ஒவ்வொரு மனிதனும்" என்று சொல்லாமல் "ஒவ்வொரு கூட்டத்தாரும்" என்று அவர் சொன்னது ஆழமானது. ஆனால் "ஓசைகள்" என்று சுருக்கியதில் ஒரு சாரார் வெளியே நின்றுவிட்டார்கள். அவருக்கு முன்னரே வாழ்ந்த அல்ஜாஹிழ், கருத்தை வெளியிடும் வழிகளை ஐந்தாக எண்ணியபோது பேச்சுக்கு அடுத்தபடியாகச் சைகையையும் வைத்தார் என்பது நினைவிருக்கட்டும்.

ஒரு பொருளின் பயனை அறிய வேண்டுமானால் அது இல்லாத இடத்தைப் பார்க்க வேண்டும். திருக்குர்ஆன் அப்படிப்பட்ட இரண்டு இடங்களைக் காட்டுகிறது.

ஸகரிய்யா (அலை) அவர்கள் முதுமையில் பிள்ளைப்பேற்றுக்கு அடையாளம் கேட்டார்கள். மூன்று நாட்கள் மக்களோடு சைகையாலன்றிப் பேச முடியாது என்பதே அடையாளமாகக் கிடைத்தது. அதே வசனத்தில் (3:41) தம் இறைவனை அதிகமாக நினைவுகூருமாறும் துதிக்குமாறும் அவர்களுக்குச் சொல்லப்படுகிறது. மனிதர்களோடு பேசுவதற்கு மட்டும் நாவு கட்டப்பட்டது, திக்ருக்கு அது திறந்தே இருந்தது என்று தப்ஸீர் ஆசிரியர்கள் விளக்குகிறார்கள். நாம் மேலே சொன்ன இரண்டு பக்கங்களும் இங்கே பிரிந்து நிற்பதைப் பாருங்கள். ஊராரை நோக்கிய வாசல் மூடியிருக்கிறது. உள்ளே இறைவனை நோக்கிய வாசல் திறந்திருக்கிறது. மூடிய வாசலுக்கும் மாற்று வழியாகச் சைகை விடப்பட்டிருக்கிறது. அவர்கள் மிஹ்ராபிலிருந்து வெளிப்பட்டு, காலையும் மாலையும் துதிக்கும்படித் தம் மக்களுக்குச் சைகையால் அறிவித்ததாக இன்னோரிடத்தில் (19:11) காண்கிறோம். ஆக, ஒரு நபியின் ஏவலே கையால் சொல்லப்பட்டது. மக்களுக்கு அது புரிந்தது.

மர்யம் (அலை) அவர்களின் செய்தி வேறு விதம். எந்த மனிதரோடும் பேசுவதில்லை என்று நேர்ச்சை செய்திருந்த நிலையில், பழி சுமத்தியவர்களுக்கு விடையாகக் குழந்தையைச் சுட்டிக் காட்டினார்கள் (19:29). தொட்டிற் குழந்தையோடு எப்படிப் பேசுவது என்று அவர்கள் கேட்டதிலிருந்தே சைகை புரிந்துவிட்டது என்பது தெரிகிறது. அவர்களுக்குக் குறைவாயிருந்தது புரிதலன்று, ஏற்றுக்கொள்ளும் மனம்தான். இமாம் புகாரீ (ரஹ்) தம் ஸஹீஹில் தலாக் முதலிய காரியங்களில் சைகைக்கு உள்ள இடத்தைப் பற்றித் தனிப் பாடமே அமைத்திருக்கிறார்கள். அதையொட்டி மர்யம் (அலை) அவர்களின் இச்சம்பவத்தையும் எடுத்துக்காட்டி, ஊமையின் சைகையால் தலாக் செல்லும் என்று ஒப்புக் கொண்டவர்கள் வேறு சில காரியங்களில் மட்டும் அதை மறுப்பது எப்படிப் பொருந்தும் என்று தர்க்கம் செய்கிறார்கள். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முந்திய தர்க்கம் அது!

இனி பிக்ஹுக்கு வருவோம். சைகையால் பேசுபவரின் வியாபாரமும் நிக்காஹும் தலாக்கும் செல்லும் என்பதில் நம் மத்ஹபுகளில் கருத்து வேறுபாடில்லை. எழுதத் தெரிந்தவராயின் எழுத்தே முந்த வேண்டும் என்று ஹனபி அறிஞர்களில் சிலர் சொன்னதுண்டு. 1869 முதல் 1876 வரை உஸ்மானிய அரசு ஹனபி சட்டத்தைத் தொகுத்து 'மஜல்லா' என்ற பெயரில் வெளியிட்டபோது, ஊமையின் அறியப்பட்ட சைகை நாவால் சொன்னதற்குச் சமம் என்பதை 70-ஆவது விதியாகவே வைத்தது. இங்கே ஒரு வேடிக்கை. அந்த உஸ்மானியரின் அரண்மனையில் 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் செவிப்புலனற்ற ஊழியர்கள் பலர் இருந்தனர். ஸுல்தானின் முன்னிலையில் வாய்விட்டுப் பேசுவது மரியாதைக் குறைவு என்று கருதப்பட்டதால், பேசத் தெரிந்த அதிகாரிகளும் அவ்வூழியர்களிடம் சைகை கற்றுக்கொண்டு அதிலேயே உரையாடினர். சில ஸுல்தான்களும் கற்றனர். செவியற்றவர் உஸ்தாதாகவும் கேட்பவர் மாணவராகவும் இருந்த சபை அது.

ஷாபியீ மத்ஹபில் இம்மஸ்அலா மேலும் நுட்பமாகச் செல்கிறது. இமாம் நவவீ (ரஹ்) 'மின்ஹாஜில்' தரும் விதியின் சாரம் இது: ஊமையின் சைகையை எல்லோரும் புரிந்து கொள்கிறார்களென்றால் அது 'ஸரீஹ்', அதாவது வெளிப்படையான சொல். கூர்மையான சிலர் மட்டுமே புரிந்து கொள்வார்களென்றால் அது 'கினாயா', மறைபொருட்சொல். கினாயாவுக்கு நிய்யத்தை விசாரித்து அறிய வேண்டும். நிக்காஹ் கினாயாவால் நிறைவேறாது.

ஓதும் காலத்தில் இதை ஒரு பிரிவினையாக மனனம் செய்துவிட்டுப் போய்விடுகிறோம். நின்று யோசித்தால் இதில் ஒரு பெரிய விஷயம் இருக்கிறது. மனிதர் ஒருவர்தான். கை ஒன்றுதான். அவர் காட்டும் சைகையும் ஒன்றேதான். அவரைப் புரிந்து கொள்ளும் ஊரில் அவர் வெளிப்படையாகப் பேசுகிறவர். புரிந்து கொள்ளாத ஊரில் அதே சைகையோடு அவர் ஐயத்துக்குரியவராகிவிடுகிறார். அவரிடத்தில் எதுவும் மாறவில்லை. மாறியது சுற்றி நிற்பவர்களின் அறிவு! பேசும் நம்மைப் பொறுத்தவரை "நான் தெளிவாகச் சொன்னேன்" என்பது நம்முடைய தகுதி. அவரைப் பொறுத்தவரை தெளிவு என்பது ஊராரின் கையிலிருக்கிறது. ஃபுகஹாக்கள் மொழியைத் தனி மனிதனின் வாயில் வைக்கவில்லை, சபையில் வைத்தார்கள் என்றே நாம் விளங்குகிறோம்.

எல்லோரும் புரிந்து கொள்ளும் ஊர் என்று ஒன்று உண்டா என்று வாசகர்கள் கேட்கலாம். உண்டு. நகப் பாலைவனத்தில் அல்ஸய்யித் என்ற பதவீ அரபு முஸ்லிம்களின் கிராமம் இருக்கிறது. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன் உருவான ஊர். 1930-களை ஒட்டிய காலத்தில் ஒரு குடும்பத்தில் செவிப்புலனற்ற பிள்ளைகள் நால்வர் பிறந்தனர். நெருங்கிய உறவுக்குள்ளேயே திருமணம் நடக்கும் கூட்டமாதலால் அத்தன்மை பின்வந்த தலைமுறைகளிலும் தொடர்ந்து, சுமார் 3,500 பேர் கொண்ட ஊரில் 150 பேர் வரை அப்படி இருந்தனர். அவர்களுக்கு எவரும் எதையும் கற்றுக் கொடுக்கவில்லை. ஊரே சேர்ந்து ஒரு கைமொழியை உருவாக்கிக் கொண்டது. அண்ணன் தம்பிகளும் அண்டை வீட்டாரும் காது கேட்பவர்களாயிருந்தும் அதைக் கற்றுப் பேசினர். மொழி நூலார் அதை ஆராய்ந்து 2005-ல் வெளியிட்ட முடிவு வியப்பானது. அந்தக் கைமொழிக்கென்று சொந்த வாக்கிய ஒழுங்கு இருந்தது: செய்பவர் முதலில், பொருள் நடுவில், வினை கடைசியில். அவ்வூரில் வாயால் பேசும் அரபியில் இந்த வரிசை இல்லை. சுற்றிலும் பேசப்படும் ஹீப்ரூவிலும் இல்லை. நம் தமிழில் இருக்கிறது! எவரிடமிருந்தும் இரவல் வாங்காமல் ஒரு கூட்டம் தானாக ஒழுங்கு அமைத்துக் கொண்டது. (அவ்வூரின் இளம் தலைமுறை பள்ளிக்கூடத்தில் கற்கும் வேறு சைகை மொழியைக் கலந்து பேசத் தொடங்கிவிட்டது என்பது பிந்திய செய்தி.) நவவீ (ரஹ்) அவர்களின் விதியை அந்த ஊருக்குக் கொண்டு போனால் அங்குள்ள செவிப்புலனற்றவரின் நிக்காஹ் சைகை ஸரீஹ் ஆகிறது. நம்மூரில் தங்கை ஒருத்திக்கு மட்டும் புரியும் சைகை என்ன ஆகும்?

இதுவரை சொன்னவை சமூகத்தின் பக்கம். தனி மனிதனின் பக்கம் என்ன?

ஸ்பெயினில் வாழ்ந்த இப்னு துஃபைல் (ஹிஜ்ரி 581-ல் காலமானவர்) எழுதிய 'ஹய் இப்னு யக்ழான்' என்ற கதையை ஆலிம்கள் அறிவார்கள். ஆளில்லாத் தீவில் மானின் பால் குடித்து வளர்ந்த பிள்ளை, ஒரு சொல்கூடக் கேளாமல், தன் சிந்தனையாலேயே படைத்தவனை அறிந்து கொள்கிறது. பிறகு அப்ஸால் என்ற பெரியவர் அத்தீவுக்கு வந்து அவனுக்குப் பேச்சைக் கற்றுக் கொடுக்கிறார். மொழி இல்லாமலே உள்ளம் முழுமை பெறும் என்பது கதையின் அடிப்படை. அழகான கதைதான். ஆனால் மெய்யாகவே மொழி கிடைக்காமல் வளர்ந்த மனிதர்களைப் பற்றி இன்று தெரிந்திருப்பது அவ்வளவு எளிதாக இல்லை.

மத்திய அமெரிக்காவிலுள்ள நிகராகுவா நாட்டில் செவிப்புலனற்ற பிள்ளைகள் அவரவர் வீடுகளில் தனித்தனியே வளர்ந்தனர். பசி, தூக்கம், வா, போ என்ற அளவுக்கு வீட்டுச் சைகைகள் மட்டுமே அவர்களுக்கு இருந்தன. 1977-ல் மனாகுவா நகரில் திறந்த பள்ளியில் சுமார் 50 பிள்ளைகள் சேர்ந்தனர். 1980-ல் தொழிற்பள்ளியும் வந்தது. 1983-க்குள் 400 பேருக்கு மேல் ஆயினர். ஆசிரியர்கள் உதட்டசைவைப் பார்த்து ஸ்பானிய மொழியைக் கற்கும்படி வற்புறுத்தினார்கள். அது பெரிதும் பயன் தரவில்லை. பிள்ளைகளோ விளையாட்டுத் திடலிலும் பேருந்திலும் தங்கள் வீட்டுச் சைகைகளை ஒன்றோடொன்று கலந்து புதிய மொழியையே படைத்துவிட்டனர். 1986-ல் அங்கே அழைக்கப்பட்ட ஜூடி கெகல் என்ற மொழியறிஞர், பிந்தி வந்த சிறு பிள்ளைகளின் கைப்பேச்சு மூத்தவர்களுடையதைவிடச் செறிவாகவும் ஒழுங்காகவும் இருந்ததைக் கண்டார்.

நம் கேள்விக்கு வேண்டிய பகுதி இனிதான் வருகிறது. முதலில் வந்த மூத்தவர்களின் மொழியில் 'நினைக்கிறான்', 'அறியான்' போன்ற உள்ளத்தின் செயல்களைக் குறிக்கும் சைகைகள் மிகக் குறைவு. ஜென்னி பயர்ஸ், ஆன் செங்காஸ் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் அவர்களுக்குப் படக்கதைகளைக் காட்டினர். ஒருவன் ஒரு பொருளை ஓரிடத்தில் வைத்துவிட்டு வெளியே போகிறான். அவன் அறியாமல் இன்னொருவன் அதை இடம் மாற்றிவிடுகிறான். திரும்பி வருபவன் எங்கே தேடுவான்? இளையவர்கள் சரியாகச் சொன்னார்கள். வயதுவந்த மூத்தவர்களில் பலர் தடுமாறினார்கள். சில ஆண்டுகளில் அம்மூத்தவர்கள் இளையவர்களோடு பழகி அச்சைகைகளைக் கற்றுக் கொண்ட பின் அவர்களுக்கும் விடை தெரிந்தது. இது 2009-ல் வெளியானது.

அம்மூத்தவர்கள் அறிவில் குறைந்தவர்கள் என்று எவரும் எண்ணலாகாது. வேலை செய்தார்கள், உறவு கொண்டாடினார்கள். ஆனால் 'அவன் தெரியாமல் செய்தான்' என்பதையும் 'தெரிந்தே செய்தான்' என்பதையும் பிரித்தறிவதற்கு ஒரு சொல் உதவியாக வேண்டியிருந்தது. மன்னிப்பும் கோபமும் நல்லெண்ணமும் இந்தப் பிரிவினையின் மேலல்லவா நிற்கின்றன? ஷரீஅத்தில் தவறுதலும் வேண்டுமென்று செய்தலும் வெவ்வேறு சட்டமாவது இதைக் கொண்டுதானே? ஒருவன் தன் உள்ளத்துக்குள் செய்யும் காரியத்துக்கே பிறரிடமிருந்து வந்த சொல் தேவைப்பட்டது. அப்படியானால் தனி மனிதனின் மொழி, சமூகத்தின் மொழி என்று நாம் தொடக்கத்தில் போட்ட கோடு அவ்வளவு உறுதியானதன்று. தனிமையில் பேசும் சொல்லும் எவரோ கொடுத்த சொல்தான்.

அமெரிக்காவில் சூஸன் ஷாலர் என்ற பெண்மணி 1991-ல் வெளியிட்ட நூலில் 27 வயது வரை எந்த மொழியும் அறியாதிருந்த ஒரு செவிப்புலனற்ற மனிதரைப் பற்றி எழுதியிருக்கிறார். நாட்கணக்கில் முயன்ற பின் ஒரு நொடியில் அம்மனிதருக்கு ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பெயர் உண்டு என்பது விளங்கியதாம். அறையிலுள்ள பொருட்களையெல்லாம் ஒவ்வொன்றாகச் சுட்டிப் பெயர் கேட்டுவிட்டு, மேஜையில் தலை கவிழ்ந்து அழுதாராம். ஆதம் (அலை) அவர்களுக்கு முதன்முதலில் கற்பிக்கப்பட்டது பெயர்கள் என்ற வசனத்தை ஓதும்போதெல்லாம் இது நம் நினைவுக்கு வருகிறது.

மொழியின் தனி மனிதப் பயனை நம் இமாம்களும் அறிந்தே இருந்தார்கள். நிய்யத்தின் இடம் கல்பு என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆயினும் அதை நாவால் சொல்வது நல்லது என்ற ஷாபியீ அறிஞர்கள், நாவு கல்புக்கு உதவும் என்று காரணம் சொன்னார்கள். (இது தேவையா இல்லையா என்று நம் ஊர்களில் நடந்த சண்டைகளை இங்கே கிளப்ப நாம் விரும்பவில்லை, காரணத்தை மட்டும் கவனியுங்கள்.) அல்லாஹ்வுக்கு அறிவிப்பதற்காக அன்று, சிதறும் உள்ளத்தைச் சொல் ஒன்று கூட்டிக் கட்டுவதற்காக.

ஆனால் சொல்லே வராதவரின் தொழுகை? பேச இயலாதவர் தக்பீருக்கும் கிராஅத்துக்கும் நாவை அசைக்க வேண்டியதில்லை, நிய்யத்தே போதும் என்பது ஹனபி மத்ஹபு. ஷாபியீயில் பேச்சு இருந்து பின்னர் போனவர் நாவையும் உதட்டையும் இயன்றவரை அசைக்க வேண்டும். பிறவியிலேயே பேச்சில்லாதவருக்கு அது இல்லை என்று பிற்கால அறிஞர்கள் தெளிவுபடுத்தினார்கள். அவருடைய தொழுகையில் ஒரு குறையும் இல்லை. ரப்புக்கு முன்னால் அவர் ஒருபோதும் ஊமையாக இருந்ததில்லை. அவர் ஊமையாவது நம் முன்னால்தான்.

இங்கே நம் சமுதாயத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நம்முடைய கல்வி காதால் வந்த கல்வி. திருமறையை உஸ்தாதின் வாயிலிருந்து கேட்டு ஓதினோம். ஹதீதைக் கேட்டு அறிவித்தோம். அதனால் கண்பார்வை இல்லாதவர்களுக்கு நம்மிடம் என்றைக்கும் உயர்ந்த இடம் இருந்தது. கிராஅத் கலையில் உலகமே பின்பற்றும் இமாம் ஷாத்திபீ (ரஹ்) பார்வையற்றவர்கள். நம் மத்ரஸாக்களில் பார்வையற்ற ஹாபிழ்களைக் கண்டு மகிழ்கிறோம். செவியற்றவருக்கோ அந்த வாசல் இயல்பாகவே அடைபட்டுவிட்டது. 'செவிடர்' என்ற பொருள்படும் 'அல் அஸம்மு' என்ற பட்டத்தோடு நம் வரலாற்றில் பெரியவர்கள் உண்டே என்று கேட்கலாம். ஹாத்திம் அல் அஸம்மு (ரஹ்), தம்மிடம் மஸ்அலா கேட்க வந்த பெண் கூச்சப்படலாகாது என்பதற்காகச் செவிடர் போல் நடித்ததாகவே வரலாறு கூறுகிறது. நீஷாப்பூரின் அபுல் அப்பாஸ் அல் அஸம்மு (ரஹ்) உண்மையிலேயே செவிப்புலன் இழந்தவர்கள். இமாம் ஷாபியீயின் நூல்களை உலகுக்கு அறிவித்த பெரிய முஹத்திஸ். ஆனால் கல்வி தேடி ஊரூராகச் சென்று கேட்டு முடித்த பின்னரே அவர்களுக்குச் செவி போயிற்று. மொழி வந்த பின் காது போவது ஒன்று. மொழி வரும் முன்னே வாசல் அடைபடுவது முற்றிலும் வேறு.

அப்படியானால் பிறவியிலேயே செவியற்றவர் மார்க்கக் கடமைகளிலிருந்து விலகியவரா? இல்லை. செவி, பார்வை இரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும் என்பதுதான் முகல்லஃப் ஆவதற்கு அகீதா கிதாபுகள் கூறும் நிபந்தனை. இரண்டும் இல்லாமல் பிறந்தவருக்கே விலக்கு. கண் இருப்பதால் அவருக்கு எத்தி வைக்க வழி இருக்கிறது என்பது இதன் பொருள். வழி இருக்கிறதென்றால் அவ்வழியில் நடந்து சென்று எத்தி வைப்பவர் யார்? ஒவ்வொரு தூதரும் தம் சமூகத்தாரின் மொழியிலேயே அனுப்பப்பட்டார்கள் என்கிறது திருமறை (14:4). நம் பள்ளிவாசல்களில் ஜும்ஆ பயானை அரபியிலிருந்து தமிழுக்குக் கொண்டு வந்தோம். முன் ஸஃப்பில் அமர்ந்து இமாமின் உதட்டையே பார்த்துக் கொண்டிருக்கும் அந்த ஒருவருக்குத் தமிழும் அரபியும் ஒன்றுதான். மக்காவின் ஹரமில் ஜும்ஆ குத்பாவைச் சைகை மொழியில் பெயர்க்கும் ஏற்பாடு வந்துவிட்டது. நம்மூரில் வெளியே ஒலிபெருக்கியை இன்னும் ஒன்று கூட்டுவதற்குத்தான் வசூல் செய்கிறோம்!

சாட்சியம் பற்றியும் சொல்லிவிட வேண்டும். ஹனபி, ஷாபியீ மத்ஹபுகளில் ஊமையின் சாட்சியம் ஏற்கப்படுவதில்லை. சைகையில் இரண்டு பொருளுக்கு இடமுண்டு, சாட்சியத்துக்கோ உறுதி வேண்டும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். மாலிகீ மத்ஹபில் சைகை புரிந்தால் ஏற்கப்படும். இந்த நாட்டு நீதிமன்றங்களிலோ, வாய் பேச இயலாதவர் நீதிபதியின் முன் எழுதியோ சைகையாலோ சொல்வது வாய்மொழிச் சாட்சியமாகவே கருதப்படும் என்று 1872-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருந்தது. 2023-ஆம் ஆண்டில் வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் இருக்கிறது. மத்ஹபை மாற்றச் சொல்ல நமக்குத் தகுதியில்லை. ஆனால் சட்டத்தின் காரணம் சைகையின் தெளிவின்மை. இலக்கணமும் அகராதியும் கொண்ட முழு மொழியாகச் சைகை வளர்ந்துவிட்ட இடத்தில் அக்காரணம் அதே வலுவோடு நிற்கிறதா என்பதை முஃப்திகள் ஆராயத்தான் வேண்டும். புது டில்லியிலுள்ள இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் 2021-ல் வெளியிட்ட அகராதியில் 10,000 சொற்கள் இருக்கின்றன.

தாய்மார்களில் சிலர், சைகை பழகினால் பிள்ளைக்குப் பேச்சே வராமற் போய்விடுமே என்று அஞ்சுகிறார்கள். இந்த அச்சம் பழையது. 1880-ல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடே இதை நம்பிச் செவிப்புலனற்றோர் பள்ளிகளிலிருந்து சைகையை விலக்கத் தீர்மானித்தது. நூறு ஆண்டுகளுக்கு மேல் பல நாட்டுப் பிள்ளைகள் அதன் பலனை அனுபவித்த பின், 2010-ல் கனடாவின் வான்கூவரில் நடந்த அதே வரிசை மாநாடு அத்தீர்மானத்துக்காக வருத்தம் தெரிவித்தது. இன்று காதில் கருவி பொருத்தும் அறுவைச் சிகிச்சைக்கு அரசுக் காப்பீடும் உதவுகிறது. இயன்றவர்கள் காலத்தோடு செய்து கொள்வது நல்லது. ஆனால் மருத்துவமனைக்கு அலையும் ஆண்டுகளில் பிள்ளை மொழியில்லாமல் இருக்கலாகாது. அந்த ஆண்டுகள் திரும்பி வாரா. பாளையங்கோட்டையில் ஃபிளாரன்ஸ் சுவைன்சன் என்ற ஆங்கிலப் பெண்மணி 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய பள்ளி இன்றும் நடக்கிறது. மேலப்பாளையத்து வீடுகளிலிருந்து அது சில மைல் தூரம்தான்.

கடைசியாக ஒரு மஸ்அலா. கன்னிப் பெண்ணிடம் நிக்காஹுக்குச் சம்மதம் கேட்கப்படும்போது அவளுடைய மௌனமே அனுமதி என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியதை எல்லோரும் அறிவோம். பேச முடிந்தும் வெட்கத்தால் பேசாதவளுக்கு உரிய சலுகை அது. கேள்வி அவளுக்குப் புரிந்திருக்கிறது. மறுக்க விரும்பினால் மறுக்கும் வாயும் இருக்கிறது. அந்த நிலையில்தான் மௌனம் ஒரு சொல்லாகிறது. மௌனியின் மீது எந்தச் சொல்லையும் ஏற்றிக் கூறலாகாது, பேசியாக வேண்டிய இடத்தின் மௌனம் மட்டும் விதிவிலக்கு என்று சட்ட நூல்கள் வரையறுப்பதும் இதைத்தான்.

இப்போது செவிப்புலனற்ற ஒரு பெண்ணை எண்ணிப் பாருங்கள். வீட்டில் 'சாப்பிடு', 'தண்ணீர் எடு', 'போய்ப் படு' என்பதற்கு மேல் அவளோடு பேச எவரும் கற்கவில்லை. மாப்பிள்ளை யார், எந்த ஊர், என்ன தொழில், முதல் மனைவி உண்டா என்ற எதையும் அவளுக்குச் சொல்லும் மொழி அவ்வீட்டில் இல்லை. புதுப்புடவையைக் காட்டுகிறார்கள், அவள் சிரிக்கிறாள். வக்கீலும் சாட்சிகளும் வாசற்படியில் நின்று கேட்கிறார்கள், அவள் மௌனமாயிருக்கிறாள். அந்த மௌனத்தை எந்தக் கணக்கில் எழுதுவது? பருவமடைந்த பெண்ணின் சம்மதமின்றி நிக்காஹ் செல்லாது என்னும் ஹனபி மத்ஹபில் இது நிக்காஹையே தொடும் கேள்வி. கன்னியின் விஷயத்தில் தகப்பனாருக்கு அதிகாரம் தரும் ஷாபியீ மத்ஹபிலும் அவளிடம் கேட்பது சுன்னத்து. கேட்பது என்றால் அவளுக்குப் புரியும்படிக் கேட்பதுதான். பெண்ணின் மொழி அறிந்த ஒருவர், அவளுடைய தோழியோ அவள் படித்த பள்ளியின் ஆசிரியையோ, கலியாண நாளுக்கு வெகு முன்னரே அவளோடு தனியே அமர்ந்து எல்லாவற்றையும் சொல்லி, அவள் கேட்கும் கேள்விகளுக்குப் பதிலும் சொல்ல வேண்டும். அவள் வேண்டாம் என்று கை அசைத்தால் அதை அப்படியே தகப்பனாரிடம் வந்து சொல்லும் துணிவும் அவருக்கு இருக்க வேண்டும். அப்படி ஒருவர் கிடைக்கும் வரை ஜமாஅத்தார் தேதி குறிப்பதைத் தள்ளி வைக்கலாம். மண்டபம் பதிவாகிவிட்டது என்பது இதற்கு ஒரு தடையாகாது.